ஒன்றரைக் கோடி ரூபாய் எலெக்ட்ரிக் கார்... முதலாளி எந்த சீட்டில் உட்கார வேண்டும்?

கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து செடான் கார் வாங்குபவர்களில் பலர் அதை ஓட்டுவதே இல்லை. டிரைவர் கதவைத் திறந்துவிட, பின்பக்கம் இடது ஓரமாக ஏறி, முன் சீட்டைத் தள்ளிவிட்டுக் காலை நீட்டிக்கொள்வார்கள். மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸுக்கு இந்தியாவில் இத்தனை மவுசு என்றால், அந்த ஒரு சீட்டுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

அதே எஸ் கிளாஸின் இடத்துக்கு எலெக்ட்ரிக்கில் ஒரு கார் வேண்டும் என்று 2021 ஏப்ரலில் மெர்சிடிஸ் அறிமுகப்படுத்தியதுதான் இ.க்யூ.எஸ். 2022 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த இ.க்யூ.எஸ். 580, புனே அருகே சாக்கனில் உள்ள தொழிற்சாலையில் அசெம்பிள் செய்யப்பட்டது. அன்றைய எக்ஸ் ஷோரூம் விலை 1.55 கோடி ரூபாய்.

காகிதத்தில் எல்லாமே பிரமாதம். ஆனால் இந்தக் காரில் முன் சீட் ஒரு கதை சொல்கிறது. பின் சீட் வேறு கதை சொல்கிறது.

ஸ்டார்ட் ஆகிவிட்டதா?

பட்டனை அழுத்தினால் உறுமலும் இல்லை, அதிர்வும் இல்லை. ஸ்கிரீன் ஒளிர்வதை வைத்துத்தான் வண்டி தயார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதுவும் சாதாரண ஸ்கிரீன் இல்லை. டேஷ்போர்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை 141 செ.மீ. அகலத்துக்கு ஒரே கண்ணாடி. அதற்கு அடியில் மூன்று திரைகள். பக்கத்து சீட்டுக்காரர் படம் பார்க்கும்போது டிரைவரின் கண் அந்தப் பக்கம் திரும்பினால், கேமரா அதைக் கவனித்துத் திரையை மங்கலாக்கிவிடும்.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால்தான் ஆட்டம் ஆரம்பிக்கிறது. முன் சக்கரங்களுக்கு ஒன்று, பின் சக்கரங்களுக்கு ஒன்று என இரண்டு மோட்டார்கள். மொத்தம் 523 குதிரைத்திறன். இரண்டரை டன்னுக்கும் அதிகமான எடையைச் சுமந்துகொண்டு, 0-விலிருந்து 100 கி.மீ. வேகத்தை 4.3 விநாடியில் தொடுகிறது. கியர் மாறும் இழுப்பு இல்லை. டர்போவுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஓவர்டேக் செய்ய நினைத்த நொடியில் லாரி பின்னால் போயிருக்கும்.

நெரிசலான ஊருக்குள்? நீளம் 5.2 மீட்டர் என்றதும் பயம் வரும். ஆனால் பின் சக்கரங்களும் 10 டிகிரி வரை திரும்புவதால், யு டர்ன் எடுக்கும்போது சின்ன கார் மாதிரி வளைகிறது. ஏர் சஸ்பென்ஷன் குண்டுகுழிகளை மெத்தைபோல விழுங்குகிறது. உயரமான ஸ்பீடு பிரேக்கர் வந்தால், குறைந்த வேகத்தில் காரை 25 மி.மீ. வரை உயர்த்திக்கொள்ளலாம். அடியில் இருப்பது விலையுயர்ந்த பேட்டரி என்பதால், நம் சாலைகளில் இது மிகவும் அவசியமான வசதி.

காட் ரோடு கற்றுத்தரும் பாடம்

எலெக்ட்ரிக் காரின் அருமை தெரிய வேண்டுமென்றால், புனேயிலிருந்து மும்பைக்கு எக்ஸ்பிரஸ்வேயில் போக வேண்டும். லோனாவாலா கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கும் மேல். அங்கிருந்து கோபோலி வரை மலைச்சரிவு. பெட்ரோல் காரில் அந்த இறக்கத்தின் சக்தி முழுக்க பிரேக் சூட்டிலும் இன்ஜினிலும் வீணாகிவிடும்.

இ.க்யூ.எஸ்-ஸில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறிவிடுகிறது. கணக்குப் போட்டால், 2.6 டன் எடையுள்ள ஒரு கார் 500 மீட்டர் இறங்கும்போது கிட்டத்தட்ட மூன்றரை யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி வெளிப்படும். காற்றின் எதிர்ப்புக்கும் டயர் உராய்வுக்கும் ஒரு பங்கு போக, மீதியில் பெரும்பகுதி பேட்டரிக்கே திரும்பும். ஆனால் ஒன்று: 100 சதவிகிதம் சார்ஜ் செய்துவிட்டு இறக்கத்தில் போனால், பேட்டரியில் வாங்கிக்கொள்ள இடம் இருக்காது. மலைமேல் சார்ஜ் போடுபவர்கள் 80, 85 சதவிகிதத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது.

இங்கேதான் காரின் முதல் குறையும் தெரிகிறது. ரீஜெனரேஷனை அதிகபட்சத்தில் வைத்தால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே கார் பிரேக் பிடித்ததுபோல இழுத்து நிற்கும். அப்போது பிரேக் பெடலும் தானாகவே கீழே இறங்கிவிடுகிறது. அவசரத்தில் பெடல் எங்கே இருக்கிறது என்று கால் தேட வேண்டியிருக்கும். பல நாடுகளில் இந்தக் காரை ஓட்டிப் பார்த்த விமர்சகர்கள் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

ஓட்டுபவருக்காவது நாலு நாளில் பழகிவிடும். பின்னால் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டு வருபவருக்கு? ஒவ்வொரு முறை இழுத்து நிற்கும்போதும் தலை முன்னால் போய் வரும். அரை மணி நேரத்தில் வயிற்றைப் பிரட்டும்.

பின் சீட்டில் அப்பா உட்கார்ந்தால்...

இரண்டாவது குறை இன்னும் பெரியது. 107.8 யூனிட் பேட்டரி, காரின் தரை முழுக்கப் பரவிக் கிடக்கிறது. அதனால் தரை உயர்ந்துவிட்டது. காற்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காகக் கூரையோ பின்னால் சரிந்து இறங்குகிறது. தரை மேலே, கூரை கீழே. நடுவில் மாட்டிக்கொள்பவர் பின் சீட்டுக்காரர்.

கால் நீட்ட இடம் தாராளம்தான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இல்லாமல், மணையில் உட்கார்ந்த மாதிரி முழங்கால் மேலே எழும்பி நிற்கும். தொடைக்குத் தாங்கல் குறைவு. மூட்டு வலி உள்ள அப்பா அரை மணி நேரம் சமாளித்துவிடுவார். மூன்று மணி நேரப் பயணம் கஷ்டம். ஏறும்போதும் இறங்கும்போதும் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும்.

சரிந்த கூரையால் பலன் இல்லாமல் இல்லை. காற்றைக் கிழிக்கும் திறனைக் குறிக்கும் எண் இந்தக் காருக்கு 0.20. அறிமுகமானபோது தயாரிப்பில் இருந்த கார்களில் இதுதான் மிகக் குறைவு. ஒரே சார்ஜில் அதிக தூரம் போக அது உதவுகிறது. பி.எம்.டபிள்யூ. தன் ஐ7 காரில் வேறு வழியில் போனது. 7 சீரிஸின் அதே உயரமான உடம்பில் பேட்டரியை வைத்தது. அதன் எண் 0.24. காற்றிடம் கொஞ்சம் தோற்றாலும், தலைக்கு மேல் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டது.

மெர்சிடிஸுக்கும் விஷயம் புரிந்திருக்க வேண்டும். 2024-ல் செய்த மாற்றத்தில் முன்பக்கம் எஸ் கிளாஸ் பாணி கிரில்லும், பானெட் மேல் நிமிர்ந்து நிற்கும் நட்சத்திரமும் வந்தன. பேட்டரி 118 யூனிட் ஆனது. தரையும் கூரையும் மட்டும் அப்படியேதான் இருக்கின்றன.

857 கி.மீ. நிஜமா?

இந்தியச் சான்றிதழ்படி இ.க்யூ.எஸ். 580 ஒரே சார்ஜில் 857 கி.மீ. போகும். அமெரிக்க அரசின் சோதனையில் அதே 580 வாங்கிய மார்க் 340 மைல். அதாவது, சுமார் 547 கி.மீ. இரண்டுமே பொய் இல்லை. நம் சோதனை ஆய்வகத்தில் உருளைகள்மேல், மிதமான வேகத்தில், ஏ.சி. போடாமல் நடப்பது. வெயிலில் ஏ.சி. போட்டு நெடுஞ்சாலையில் போகிறவர், அமெரிக்க எண்ணை நம்பிப் பயணத்தைத் திட்டமிடுவதே பத்திரம்.

செலவு? யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், வீட்டில் முழு சார்ஜுக்கு ஆயிரம் ரூபாய் ஆகாது. ஆனால் 11 கிலோவாட் சார்ஜரில் சுமார் பத்து மணி நேரம் பிடிக்கும். 200 கிலோவாட் சார்ஜர் கிடைத்தால் 10-லிருந்து 80 சதவிகிதம் ஏற 31 நிமிடம்தான். வழியில் கிடைப்பது 60 கிலோவாட் சார்ஜர் என்றால், அதே வேலைக்கு ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும். காரின் வேகம் பாதி. சார்ஜரின் வேகம் மீதி.

சரி, யார் வாங்கலாம்?

எலெக்ட்ரிக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். பெட்ரோல், டீசல் சொகுசு கார்களுக்கு 2025 செப்டம்பர் முதல் 40 சதவிகிதம். அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு இ.க்யூ.எஸ். பக்கம் வருபவர், தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: 'ஸ்டீயரிங் பிடிக்கப்போவது நானா?' ஆமாம் என்றால் தாராளமாக வாங்கலாம். பின் சீட்தான் முக்கியம் என்றால், எஸ் கிளாஸையும் ஐ7-ஐயும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

ஒன்றரைக் கோடி யாரிடம் இருக்கிறது என்று சிரித்துவிட்டுப் போய்விட வேண்டாம். 15 லட்ச ரூபாய் எலெக்ட்ரிக் காரிலும் பேட்டரி தரைக்கு அடியில்தான் இருக்கிறது. டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். பின் சீட்டில் அவர்களை உட்காரவைத்து, முழங்கால் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ரீஜெனரேஷனைக் கூட்டிக் குறைத்து ஓட்டச் சொல்லி, தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள்.

0-விலிருந்து 100 எத்தனை விநாடி என்பதை விளம்பரமே சொல்லிவிடும். அம்மாவுக்கு முதுகு வலிக்குமா என்பதை அம்மாதான் சொல்ல வேண்டும்.