மூலிகை என்று எழுதியிருந்தால் போதுமா?

"டாக்டர் தரும் ஊசியெல்லாம் கெமிக்கல், பக்கவிளைவு வரும். இது வெறும் மூலிகைதானே, ஒன்றும் செய்யாது." உடல் எடையைப் பற்றிப் பேச்சு வந்தால் படித்தவர்களே இப்படித்தான் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இந்த நம்பிக்கை உயிரைக் குடித்திருக்கிறது.

சிங்கப்பூரில் 2002-இல் நடந்ததைப் பாருங்கள். 'ஸ்லிம் 10' என்ற சீன மூலிகை மாத்திரை அங்கே விற்பனைக்கு வந்தது. அதைச் சாப்பிட்ட தொலைக்காட்சி நடிகை ஆண்ட்ரியா டி குரூஸுக்குக் கல்லீரல் செயலிழந்தது. காதலராக இருந்த நடிகர் தம் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்ததால் ஆண்ட்ரியா பிழைத்தார். அதே மாத்திரையைச் சாப்பிட்ட இன்னொரு பெண் இறந்துபோனார். சோதித்துப் பார்த்தபோது மாத்திரைக்குள் ஃபென்ஃபுளூரமைன் இருந்தது.

இது எந்தக் காட்டிலும் முளைக்கும் மூலிகை அல்ல. அமெரிக்க மருத்துவர்கள் சீட்டில் எழுதிவந்த பசியடக்கி மருந்து. இதை ஃபென்டர்மின் என்ற இன்னொரு பசியடக்கியோடு சேர்த்துச் சாப்பிட்ட 24 பெண்களுக்கு இதய வால்வு கெட்டிருப்பதை 1997-இல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அவ்வாண்டு செப்டம்பரிலேயே மருந்து சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. ஆக, சீட்டு மருந்தும் கெடுதல் செய்யும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் என்ன மருந்தை எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் கெடுதலின் காரணம் பிடிபட்டது. ஐந்து ஆண்டு கழித்து அதே மருந்து மூலிகை என்ற பெயரில் திரும்பி வந்தபோது, விழுங்கியவர்களுக்கு அதன் பெயர்கூடத் தெரியாது.

சிபுட்ரமைன் என்ற எடைக்குறைப்பு மருந்தின் கதையும் இதுவே. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் அது கூட்டுகிறது என்று பெரிய ஆய்வொன்று காட்டியதும் 2010-இல் அமெரிக்காவில் விற்பனை நின்றது. 2011-இல் இந்தியாவும் தடைசெய்தது. பிறகு அது எங்கே போனது? 2007 முதல் 2016 வரை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கலப்படம் என்று கண்டறிந்த எடைக்குறைப்புப் பொருட்கள் 317. அவற்றில் 269-இல் சிபுட்ரமைன் இருந்தது. பக்கவிளைவுக்குப் பயந்து சீட்டு மருந்தை ஒதுக்கியவர், பக்கவிளைவுக்காகவே தடைசெய்யப்பட்ட மருந்தை, அளவும் தெரியாமல் தினமும் விழுங்கியிருக்கிறார்.

நாடி பார்த்து, உடல்வாகு கேட்டு மருந்து தரும் சித்த மருத்துவரோடு எனக்கு வழக்கில்லை. சீட்டில்லாமல் விற்பதெல்லாம் மோசடி என்றும் சொல்லமாட்டேன். ஆர்லிஸ்டாட் என்ற எடைக்குறைப்பு மருந்தின் 60 மில்லிகிராம் மாத்திரை முறையாகச் சோதிக்கப்பட்டு, 2007 முதல் அமெரிக்காவில் சீட்டில்லாமலே கிடைக்கிறது. உள்ளே இருப்பது என்ன, அது மனித உடலில் என்ன செய்தது என்று யார் சோதித்தார்கள்? நான் கேட்பது இதை மட்டும்தான்.

எடை குறைக்க மருத்துவர்கள் எழுதும் செமக்ளூடைடு ஊசியைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. 1,961 பேரிடம் 68 வாரம் சோதித்தார்கள். ஊசி போட்டவர்களுக்குச் சராசரியாக 14.9 சதவீதமும், வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதமும் எடை குறைந்தது. குமட்டல், வாந்தி, பித்தப்பைக் கல், அரிதாகக் கணைய அழற்சி என்று கெடுதல்களும் எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் போடக்கூடாது, கர்ப்பம் தரிக்க நினைப்பவர் முன்பே நிறுத்த வேண்டும் என்பதும் மருந்துக் குறிப்பில் உண்டு. வாரம் 0.25 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாகத்தான் அளவைக் கூட்டுவார்கள். மருத்துவச் சீட்டு என்பது இத்தனையையும் கேட்டறிந்த ஒருவர் போடும் கையெழுத்து. அந்த ஊசியையே தெரிந்த மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் போட்டுக்கொள்பவரும் மூலிகை மாத்திரைக்காரர் நிற்கும் இடத்தில்தான் நிற்கிறார்.

"ஊசியை நிறுத்தினால் எடை திரும்பிவிடுமே" என்பார்கள். உண்மைதான். நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. அந்தக் குறையைச் சொன்னதும் அதே ஆய்வைத் தொடர்ந்தவர்கள்தான். தன் குறையை இப்படி அச்சிட்ட மூலிகை மாத்திரை டப்பா ஒன்றை இதுவரை நான் பார்த்ததில்லை.

உங்கள் வீட்டில் யாராவது அப்படி ஒரு மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், படபடப்போ, தூக்கமின்மையோ, கண்ணில் மஞ்சளோ தெரிந்தால், உடனே நிறுத்தச் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும்போது டப்பாவையும் மீதி மாத்திரையையும் கையோடு எடுத்துப் போங்கள். "வேறு மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.