நடைமுறையும் சட்டமும்

புதுச்சேரியின் நாட்காட்டியில் விடுதலையோடு தொடர்புடைய இரு நாள்கள் உண்டு. ஒன்று நவம்பர் 1. மற்றொன்று ஆகஸ்டு 16. ஒரு மண்ணுக்கு இரு நாள்கள் ஏன் என்னும் வினாவிற்கு விடை தருபவை 'டி ஃபாக்டோ', 'டி ஜூரே' என்னும் இரு சொற்கள். இலத்தீனில் பிறந்து ஆங்கிலச் சட்டமொழியில் நிலைபெற்ற இச்சொற்களுள் முன்னது நடைமுறையில் உள்ள நிலையைக் குறிக்கும். பின்னது சட்டப்படி அமைந்த நிலையைக் குறிக்கும்.

இவ்வேறுபாட்டை விளக்கும் களம், வில்லியனூரை அடுத்த கீழூர். 1954 அக்டோபர் 18 அன்று அங்குக் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேருள் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு ஆதரவாக வாக்களித்தனர். அவ்வாண்டு நவம்பர் 1 அன்று ஆட்சிப் பொறுப்பு இந்தியாவிடம் வந்தது. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தமோ, பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குப் பின் 1962 ஆகஸ்டு 16 அன்றுதான் செயலுக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் பாகூர் உழவர் இந்திய ஆட்சியின்கீழ் ஏர் பூட்டினார். சட்டத்தின் கண்ணுக்கு அவர் உழுத நிலம் பிரெஞ்சு மண்ணாகவே இருந்தது.

அங்கு மக்கள் முன்னே சென்றனர். சட்டம் பின்னே வந்தது. அதனால் பெருங்கேடு விளையவில்லை. சட்டம் முன்னே நின்று, நடைமுறை பின்தங்கும்போதுதான் மக்கள் இழப்புக்கு உள்ளாகின்றனர். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஊராட்சித் தேர்தல் நடத்தவேண்டும் என்பதை 73ஆவது அரசமைப்புச் சட்டத்திருத்தம் 1993 முதல் கட்டாயமாக்கியது. ஆனால், புதுச்சேரியில் 1968க்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து, 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. 2011இல் அப்பதவிக்காலம் முடிந்தபின் மீண்டும் நெடிய இடைவெளி ஏற்பட்டது. வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளை மக்கள் பிரதிநிதிகள் இன்றி அதிகாரிகளே நடத்தினர். தெருவிளக்கு எரியவில்லை, வாய்க்கால் தூர்ந்துவிட்டது என்று உரிமையோடு முறையிட, ஊரார் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர் இல்லை. தன்னாட்சி ஏட்டில் இருந்தது, ஊரில் இல்லை.

ஆகவே, இவ்விரு சொற்களின் பொருளை அறிவது தேர்வுக்கு மட்டும் உரிய பயிற்சியன்று. உரிமை ஒன்றைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், 'அது சட்டத்தில் உள்ளதா?' என்பதோடு நில்லாமல், 'அது வாழ்வில் உள்ளதா?' என்றும் வினவுதல் வேண்டும். இரு வினாக்களுக்கும் 'ஆம்' என்னும் விடை கிடைக்கும் நாளே விடுதலை நிறைவெய்தும் நாளாகும்.