காத்திருக்க முடியலையா... காத்திருக்க முடியாதா?

‘ஐ கான்ட் வெயிட்!’ - ஃபிரெண்டோட பர்த்டே ட்ரீட்னா நாம உடனே தட்டுற மெசேஜ். இந்தச் சின்ன வாக்கியம் ஆம்பூர்ல ஒரு கட்டிங் செக்‌ஷனையே ஒரு நாள் முழுக்க சும்மா உட்கார வெச்ச கதை தெரியுமா பாஸ்? அதை எழுதின புண்ணியவான், ஹி... ஹி... அடியேன்தான்!

போன செமஸ்டர் லீவுல ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில இன்டர்ன்ஷிப். நான் மெக்கானிக்கல். மெஷின் பக்கம் விடுவாங்கன்னு ஆசையா போனா, “இங்கிலீஷ் நல்லா எழுதுவியாமே தம்பி!”னு எக்ஸ்போர்ட் செக்‌ஷன்ல உட்கார வெச்சுட்டாங்க. வெளிநாட்டு பையர் சாம்பிளைப் பார்த்து ஓ.கே. சொன்னாத்தான் இங்கே தோலை வெட்டவே ஆரம்பிப்பாங்க. ஓ.கே. வரலை. கப்பல் தேதியோ நெருங்குது. “இனிமே எங்களால காத்திருக்க முடியாதுன்னு கறாரா எழுது தம்பி”ன்னார் செக்‌ஷன் பாய். எழுதினேன்: ‘வி கான்ட் வெயிட் ஃபார் யுவர் அப்ரூவல்!’

உடனே பதில். ஒரு சிரிப்பு பொம்மையோட, ‘நாங்களும் அப்படித்தான்!’னு. அப்ரூவல் மட்டும் வரலை.

தப்பு எங்கே? ‘கான்ட் வெயிட் ஃபார்’னா இங்கிலீஷ்ல ‘ஆவல் தாங்கலை’னு அர்த்தம். நான் கோபத்தைக் கொட்டினதா நினைச்சேன். அவங்க கொஞ்சினதா நினைச்சாங்க! ‘கனாட் வெயிட் எனி லாங்கர்’னு முடிச்சிருந்தா கறார் வந்திருக்கும். ‘வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்’னு தேதி போட்டிருந்தா இன்னும் உத்தமம்.

சரி, நம்ம பசங்க வழக்கமா சறுக்குற மத்த இடங்களையும் பார்த்துடலாமா?

வெயிட் - யாருக்காக, எதுக்காகன்னு சொல்லணும்னா கூடவே ‘ஃபார்’ வேணும். நம்ம ஆர்.கே.நாராயணனோட 1955 நாவல் ‘வெயிட்டிங் ஃபார் தி மகாத்மா’. கூட்ஸியோட 1980 நாவல் ‘வெயிட்டிங் ஃபார் தி பார்பேரியன்ஸ்’. ரெண்டு தலைப்பை ஞாபகம் வெச்சுக்கிட்டா போதும், ‘ஃபார்’ மறக்காது.

அவெயிட் - இதுக்கு ‘ஃபார்’ ஆகவே ஆகாது. ‘அவெயிட்டிங் யுவர் ரிப்ளை’, அவ்வளவுதான். கொஞ்சம் ஆபீஸ் வாசனை அடிக்கிற வார்த்தை. ட்ரீட் மெசேஜுக்கு வேணாம்!

லுக்கிங் ஃபார்வர்ட் டு - அடுத்து ‘ஹியர்’ இல்லை மக்களே, ‘ஹியரிங்’! ஒரு சின்ன டெஸ்ட்: அந்த இடத்துல ‘யுவர் ரிப்ளை’ன்னு போட்டுப் பாருங்க. பொருந்துதா? அப்ப அது பெயர்ச்சொல்லோட இடம். அதனாலதான் ‘ஐ.என்.ஜி.’

வெயிட் ஆன் - இதுக்குப் பழைய அர்த்தம் பரிமாறுறது, பணிவிடை செய்றது. பிரியாணிக்கு நாம ‘வெயிட் ஃபார்’. நமக்கு இலை போடுறவர் ‘வெயிட் ஆன்’. வெயிட்டர்னு பேர் வந்தது அப்படித்தான்.

இன்னொரு ஆச்சர்யம். ‘வெயிட்’ பழைய ஃபிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கு வந்தப்போ, அதுக்குக் கண்காணிக்கிறது, காவல் இருக்கிறதுன்னுதான் பொருள். நம்ம ‘காத்திரு’வைப் பிரிச்சுப் பாருங்க... அதுலயும் காவல்! ‘எதிர்பார்’க்கும் ‘லுக் ஃபார்வர்ட்’டுக்கும் கூட ஒரே பார்வைதான்.

கதைக்கு வருவோம். மறுநாள் தேதி போட்டு புது மெயில் அனுப்பினோம். சாயங்காலமே ஓ.கே. வந்துடுச்சு. ஓடிப்போய் கட்டிங் செக்‌ஷன்ல சொன்னேன். பீஸ் கணக்குல கூலி வாங்குற ஒரு அண்ணன் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: “நல்லது தம்பி. நேத்து கணக்குல எனக்கு ஒரு பீஸும் இல்லை.”

அவர் திட்டவே இல்லை. அதான் இன்னும் உறுத்துது. இப்பல்லாம் ‘சென்ட்’ அமுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை நிறுத்திப் படிக்கிறேன். அந்த மெயிலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் காத்திருக்கார்னா, இந்தப் பக்கமும் யாரோ காத்திருக்காங்க!