சிறுவர் அசைவூட்டப் படங்களும் சமநிலை என்னும் மாயையும்

சிறுவருக்கான அசைவூட்டப் படங்கள் பற்றிய விவாதங்களில் ஒரு தராசு தவறாது முன்வைக்கப்படுகின்றது. ஒரு தட்டிற் கல்வி, மறுதட்டிற் களிப்பு. இரண்டையும் சமமாக நிறுத்துவிட்டால் நல்ல படம் கிடைத்துவிடும் என்பது கல்விமான்களதும் பெற்றோரதும் நம்பிக்கை. கசப்பு மருந்தைத் தேனிற் குழைத்து ஊட்டும் இம்மனப்பாங்கு மேற்பார்வைக்கு நியாயமானது, அடிப்படையிற் பிழையானது. கல்வி கசக்கும் என்று அது முன்கூட்டியே ஒப்புக்கொள்கின்றது; களிப்பினுள் அறிவு இல்லை என்றும் தீர்ப்பளித்து விடுகின்றது.

இத்தீர்ப்பை யாழ்ப்பாணத்து மரபே மறுக்கின்றது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பாடிய 'ஆடிப்பிறப்பு', விடுமுறை கிடைத்த பிள்ளைகளின் குதூகலத்தோடு தொடங்குகின்றது. ஆயினும் பயறு வறுப்பது முதல் தேங்காய் துருவுவது வரையான சமையல் முறை அதனுள்ளே அடங்கியுள்ளது. எந்த அடி பாடம், எந்த அடி விளையாட்டு என்று எவராலும் பிரித்துக் காட்டவியலாது. குழந்தை ம. சண்முகலிங்கம் 'கூடி விளையாடு பாப்பா' போன்ற நாடகங்களால் யாழ்ப்பாணத்தில் வளர்த்த சிறுவர் அரங்கும் இவ்வழியிலேயே நடந்தது.

பிற நாட்டு அனுபவமும் வேறன்று. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1969இல் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியை ஆக்கியோருக்கு, மெய்யுலகையும் கற்பனையையும் கலத்தலாகாது என்று உளவியலாளர் அறிவுறுத்தினர். அதன்படி வெள்ளோட்டத்தில் தெருக்காட்சிகளில் மனிதர் மட்டுமே தோன்றினர்; பாவைகள் வேறாக நிறுத்தப்பட்டன. தெருக்காட்சி வந்தபோதெல்லாம் பிள்ளைகளின் கவனம் சிதறியது. அறிவுரையைக் கைவிட்டுப் பாவைகளைத் தெருவுக்கே கொண்டுவந்த பின்னரே நிகழ்ச்சி உருப்பெற்றது. பிரித்து வைத்தமையே அங்கு பிழையாயிற்று, அளவு பிழைக்கவில்லை.

இன்று தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிடைப்பவற்றுட் பல இருவகைக் குறைபாடு உடையன. ஒருவகையில், கதை முடிந்ததும் ஒரு குரல் எழுந்து நீதியை ஒப்புவிக்கின்றது. கதைக்குள் நிகழாத அறிவு கதைக்கு வெளியே அறிவிக்கப்படுகின்றது. மறுவகைக்கு, 2008 முதல் இந்தியாவிலிருந்து வரும் 'சோட்டா பீம்' தக்க சான்று. அதன் நாயகன் லட்டு உண்டவுடன் வலிமை பெறுகின்றான், சிக்கல் தீர்ந்துவிடுகின்றது. இதனைக் களிப்பு மிகுந்துவிட்ட படம் என்று கடிதல் தவறு. சிக்கலைச் சிந்தித்து அவிழ்க்கும் பெருங்களிப்பைப் பிள்ளையிடமிருந்து பறித்துவிட்ட படம் என்பதே அதன் மீதான குற்றச்சாட்டாக அமைதல் வேண்டும். அறிவு வறண்ட இடத்திற் களிப்பும் வறண்டு போகும்.

இக்குறையின் முழுக் கனத்தையும் தீவகத்தில் உணரலாம். நெடுந்தீவுப் பிள்ளை மட்டக்குதிரைகள் மேயும் வெளிகளையும், பெருக்கு மரத்தையும், பவளக்கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளையும் கண்டு வளர்கின்றது. ஊர்காவற்றுறைப் பிள்ளைக்குக் கடல் நடுவே நிற்கும் கோட்டை அன்றாடக் காட்சி. வாடையும் சோளகமும் கடலை எவ்வாறு மாற்றும் என்பதைத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை வீட்டிலேயே கேட்டறிகின்றது. திரையிலோ இவற்றுள் ஒன்றும் இல்லை. தன் ஊர் படமாதற்குத் தகுதியற்றது என்ற பாடத்தை எந்த ஆசிரியரும் கற்பிக்காமலே அப்பிள்ளை கற்றுக்கொள்கின்றது. 1990களின் தொடக்கத்தில் போரினாற் பெருமளவு மக்கள் வெளியேறிய தீவகத்தில் இப்பாடம் எளிதிற் பொறுக்கத்தக்கதன்று.

கதைக்கும் அங்கு பஞ்சமில்லை. நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குப் பூ ஏந்திக் கடலில் நீந்திவரும் நாகம். அதனைக் கவ்வ வரும் கருடன். இடையே கப்பலில் வந்து சந்து செய்விக்கும் வணிகன். நாகம் சுற்றிய கல்லும் கருடன் இருந்த கல்லும் இன்றும் கடலிற் காட்டப்படுகின்றன. பசித்தவனுக்கும் பக்தனுக்கும் இடையே நியாயம் யாது என்ற வினா இக்கதையின் நடுவிலேயே நிற்கின்றது. அதனைத் தீர்ப்பதே அதன் சுவை. நீதியைத் தனியே சொல்ல வேண்டிய தேவை எழாது.

பணமில்லை, வசதியில்லை என்பது வழமையான விடை. 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கிய ரூபவாஹினியில் டைட்டஸ் தொட்டவத்த, 'பக்ஸ் பனி'யைச் சிங்களப் பிள்ளைகளுக்கு 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆக்கினார். வெளிநாட்டு முயலுக்குச் சிங்களப் பேச்சின் உயிர் வாய்த்தது. அதற்கு ஒப்பான முயற்சி இலங்கைத் தமிழில் வேரூன்றாமைக்குப் பணம் மட்டும் காரணமாகாது. சிறுவர் கலையைச் சில்லறை வேலையாக மதிக்கும் படித்தவர் மனமும் காரணமாகும்.

நொடிக்கு 12 சித்திரம் வீதம் ஐந்து நிமிடப் படத்துக்கு 3,600 சித்திரங்கள் வேண்டும். முப்பது மாணவர் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கு 120. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சித்திரமும் வடிவமைப்பும் உண்டு. நாடகமும் அரங்கியலும் உண்டு. இசையும் கல்வியியலும் உண்டு. இவை ஒரு மேசையைச் சுற்றி அமராதிருப்பதே குறை. கல்வி எத்தனை பங்கு, களிப்பு எத்தனை பங்கு என்று கருத்தரங்குகளில் நிறுத்துக்கொண்டிருப்போர் தராசைக் கீழே வைத்துத் தூரிகையை எடுத்தல் வேண்டும். நயினாதீவுக் கடலில் நாகம் இன்னும் பூவோடு காத்திருக்கின்றது.