புள்ளியைத் தின்னும் எழுத்து

அஜக்ஸில் ஒரு செத்தவீட்டுக்குப் பின் முப்பத்தோராம் நாள் கையில் தந்த நினைவுமலர் இன்னும் எங்கள் மேசையில் கிடக்கிறது. ஊரில் இதைக் கல்வெட்டு என்போம். அட்டையில் அந்தத் தாயின் படம். மேலே தடித்த எழுத்தில் 'அம்மா'. சுற்றிக் கறுப்புக் கரை, கரைக்கு வெளியே மஞ்சள், அதற்கும் பின்னால் ஒரு நிழல். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகும் பேத்தி எழுத்துக்கூட்டி வாசித்தாள்: அ-ம-மா. பெரியவர்கள் சிரித்தார்கள். ஆனால் பிள்ளை வாசித்தது சரி. அங்கே புள்ளி இல்லை. அது வீங்கிய எழுத்தோடு ஒட்டிக் கரைந்துவிட்டது.

மலரைச் செய்தவரைக் குறைசொல்ல வரவில்லை. சிற்றேடு, விழா மலர், மரண அறிவித்தல் என்று வருடக்கணக்காக நாங்களும் அதே பொத்தானைத்தான் அழுத்தினோம். பாமினியில் தட்டுவோம், தலைப்பைத் தெரிவுசெய்வோம், தடிப்பாக்குவோம், இடம் போதாவிட்டால் இரண்டு பக்கமும் பிடித்து நெரிப்போம். அதைத் தலைப்பெழுத்து என்று நம்பினோம். அது தலைப்பெழுத்து அல்ல, வீக்கம்.

தடித்த எழுத்துருவை ஒருவர் இருந்து வரையவேண்டும். 1922இல் சிக்காகோவில் வெளிவந்த கூப்பர் பிளாக்கை எல்லோரும் கண்டிருப்பீர்கள், பெயர் தெரியாவிட்டாலும். கோட்டு முனைகளில் வைக்கும் சிறு பாதத்தை ஆங்கிலத்தில் செரிஃப் என்பார்கள். கூப்பரில் அந்தப் பாதங்கள்கூட உருண்டு கொழுத்தவை. ஆனாலும் எந்த எழுத்தும் மூச்சு முட்டவில்லை. ஒஸ்வால்ட் கூப்பர் ஒவ்வோர் எழுத்தின் உள்வெளியையும் தனித்தனியே அளந்து விட்டிருக்கிறார். கணினி அப்படிப் பார்ப்பதில்லை. எல்லாக் கோட்டுக்கும் ஒரே அளவு மையைச் சுற்றிப் பூசிவிடுகிறது. ஆங்கிலத்தின் I அதைத் தாங்கும். எங்கள் 'ண' தாங்குமா? 'இ'யின் சுழி அடைபடும், 'ஞ' கறுத்த கட்டியாகும். முதலில் சாவது புள்ளிதான்.

"வாசிக்க விளங்குதுதானே, பிறகென்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விளங்குகிறது, எங்களுக்கு. ஊரில் தமிழ் படித்து வந்தவர்கள் சொல்லின் பாதியைக் கண்டு மீதியை ஊகித்துக்கொள்வோம். ஓலைச் சுவடியில் புள்ளியில்லாமல் எழுதினார்களே என்று இன்னொருவர் வாதிடுவார். அதை வாசித்தவன் சொல்லைக் காதால் அறிந்தவன். இங்கே பிறந்த பிள்ளைக்குக் காதும் அரைகுறை. அதற்குக் கண்ணால் வரும் தமிழையும் ஏன் குழப்பவேண்டும்?

இது எங்களுக்கு முடியாத வேலையுமல்ல. சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹன்ட் சிறிய, தெளிவான தமிழ் அச்செழுத்துகளை வெட்டுவித்தார். 1862இல் வந்த வின்சுலோ அகராதியை எடுத்துப் பார்த்தால் அந்தப் பொறுமை தெரியும். அவர் அந்நியர், சரி. சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா தமிழைத் தட்டச்சுப் பொறிக்குள் கொண்டுவந்தார். எண்பதுகளில் இதே கனடாவில் இருந்துகொண்டு கே. ஸ்ரீநிவாசன் 'ஆதமி' செய்தார். இவர்களுடைய பிரச்சினை எழுத்து கருவிக்குள் வருமா என்பது. அது தீர்ந்தது. எழுத்து எப்படி நிற்கவேண்டும் என்பது எங்கள் பிரச்சினை. அதை நாங்கள் தொடவேயில்லை.

இன்று இல்லையென்று சொல்லவும் வழியில்லை. கூகிளின் நோட்டோ செரிஃப் தமிழ் மெல்லியதிலிருந்து மிகக் கறுத்தது வரை ஒன்பது தடிப்புகளில் இலவசமாகக் கிடக்கிறது. மும்பையின் ஏக் டைப் செய்த 'பலூ தம்பி' தலைப்புக்கென்றே பிறந்த கொழுத்த எழுத்து. அதற்குப் பாதம் கிடையாது, தேவையுமில்லை. 'ண'வும் 'ஒ'வும் சுழித்து ஓடுகிறவை. அவற்றுக்கு ஆங்கிலப் பாதம் மாட்டுவது வேட்டிக்குச் சப்பாத்துப் போடுகிற கதை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் டிரோ டைப்வர்க்ஸ் 'டிரோ தமிழ்' என்ற நல்ல நூலெழுத்தைச் செய்திருக்கிறது, நேரும் சாய்வுமாக. தடித்தது அதில் இல்லை. யார் கேட்டார்கள்? தமிழர் கேட்டிருந்தால் வந்திருக்கலாம்.

நாம் கேட்பதில்லை. மண்டபத்துக்குக் கொடுக்கிறோம், வீடியோவுக்குக் கொடுக்கிறோம், எழுத்து மட்டும் சும்மா வரவேண்டும். அஜக்ஸே ஒரு போர்க்கப்பலின் பெயரைத் தாங்கி, 1941இல் எறிகணைக்கு மருந்து நிரப்பும் தொழிற்சாலையைச் சுற்றி எழுந்த ஊர். தெருப்பலகைகளில் அந்தக் கப்பலின் மாலுமிகள் பெயரெல்லாம் ஓர் எழுத்துப் பிசகாமல் நிற்கின்றன. எங்கள் தாய்மாரின் பெயர்களோ அட்டையிலேயே பிசகுகின்றன.

அந்த மலரின் அட்டையை நாங்கள் திரும்பச் செய்து பார்த்தோம். கரை, மஞ்சள், நிழல் மூன்றையும் எடுத்தோம். கறுத்த நோட்டோவில் 'அம்மா' என்று இட்டு, சற்றுச் சிறிதாக்கினோம். அரை மணித்தியாலம் பிடித்தது. புள்ளி தெரிகிறது.