பெய்தால்... பெய்திருந்தால்...



'கண்டிஷனல் சென்டன்ஸ்' என்றதும் நமக்கு ஞாபகம் வருவது என்ன? டைப் ஒன்று, இரண்டு, மூன்று என்று கட்டம் கட்டிய ஒரு டேபிள். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி மனப்பாடம், மறுநாள் மத்தியானம் மறதி! அந்த டேபிளைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள் என்பது என் கட்சி. இந்த இலக்கணத்தில் பாதி நம் தமிழிலேயே இருக்கிறது. மீதி நம்ம லேபில் இருக்கிறது.

'நாளைக்கு மழை பெய்தால் வரமாட்டேன்' என்கிறோம். 'பெய்வால்' என்று யாராவது சொல்வோமா? நடக்கப் போவது நாளைக்குத்தான். ஆனாலும் அங்கே எதிர்காலம் நுழைவதில்லை. இங்கிலீஷ்காரனுக்கும் அப்படித்தான். 'இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ, ஐ வில் நாட் கம்.' 'இஃப்' இருக்கிற பக்கம் 'வில்' கிடையாது. (மரியாதைக்குச் சொல்கிற 'இஃப் யூ வில் வெயிட்' மாதிரி சிலது உண்டு. இப்போதைக்கு அதை விடுங்கள்.) 'இஃப் இட் வில் ரெயின்' என்று எழுதக் கை போனால் 'பெய்வால்' என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், கை தானாக நிற்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். வந்தான், வந்தால், நின்றான், நின்றால். நம் 'ஆல்' ஒட்டிக்கொள்வதே இறந்தகால உருவத்தோடுதான்! அதனால் 'இஃப் ஐ ஹாட் எ பைக், ஐ வுட் கம் டெய்லி' என்பதில் 'ஹாட்' எதற்கு என்று மிரள வேண்டியதில்லை. ஆனால் நாம் இடறுவதும் இங்கேதான். 'பைக் இருந்தால் வருவேன்' என்றால் தமிழில் பைக் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், கேட்பவர் புரிந்துகொள்வார். இங்கிலீஷில் 'ஹாட்... வுட்' போட்டால், இப்போது பைக் இல்லை என்றே அர்த்தம். வேலைக்கான இன்டர்வியூவில் 'உங்களிடம் டிரைவிங் லைசென்ஸ் இருக்கிறதா?' என்ற கேள்விக்கு இந்த வித்தியாசம் முக்கியம் அல்லவா?

மூன்றாவது வகை நமக்கு இன்னும் நெருக்கம். ஷிஃப்ட் ரிப்போர்ட்டில் இரண்டு வரிகளை நினைத்துப் பாருங்கள். 'இஃப் தி ஃபியூஸ் ப்ளோஸ், தி மோட்டார் வில் ஸ்டாப்.' இது வெறும் தகவல். 'இஃப் தி ஃபியூஸ் ஹாட் ப்ளோன், தி வைண்டிங் வுட் நாட் ஹாவ் பர்ன்ட்.' ஃபியூஸ் போகவில்லை, வைண்டிங் எரிந்தே போய்விட்டது! தமிழிலும் அப்படியே, 'போயிருந்தால் எரிந்திருக்காது'. இரண்டாவதை எழுத வேண்டிய இடத்தில் முதலாவதை எழுதிவிட்டுப் போனால், அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து நிம்மதியாக ஸ்விட்சைப் போடுவார்.

வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்பதும் இந்த 'இஃப்'தான். 'டி.சி. சீரிஸ் மோட்டாரை லோடு இல்லாமல் ஸ்டார்ட் செய்தால்?' வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும், ஆர்மேச்சரே சிதறலாம் என்பது நமக்குத் தெரியும். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவனுக்கும் நன்றாகவே தெரியும். ஆனால் அதே கேள்வி இங்கிலீஷில் வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, மார்க் போகிறது. மோட்டார் தெரியாதவன் என்று முத்திரையும் விழுகிறது, அதுதான் வயிற்றெரிச்சல். இயற்கை விதிக்கு இரண்டு பக்கமும் சிம்பிள் பிரசன்ட் போதும்: 'இஃப் இட் இஸ் ஸ்டார்ட்டட் வித்தவுட் லோடு, இட்ஸ் ஸ்பீட் பிகம்ஸ் டேஞ்சரஸ்லி ஹை.' இவ்வளவுதாங்க!

கிராமர் புத்தகங்களோ 'நான் பறவையாக இருந்தால்' என்றே ஆரம்பிக்கின்றன. பறவையாகி நமக்கு என்ன ஆகப் போகிறது? இங்கிலீஷ் வகுப்பு லேபிலிருந்து வாக்கியங்களைக் கடன் வாங்கட்டும். நம் பங்குக்கு ரெக்கார்டு நோட்டில் தொடங்கலாம். 'ஆல் கனெக்ஷன்ஸ் ஷுட் பி டைட்' என்று சீனியர் நோட்டைப் பார்த்துக் காப்பியடிக்கிறோமே, அந்த 'ப்ரிகாஷன்ஸ்' பகுதியில் அடுத்த எக்ஸ்பெரிமென்ட்டிலிருந்து இப்படி எழுதுவோம்: 'இஃப் எ கனெக்ஷன் இஸ் லூஸ், இட் கெட்ஸ் ஹாட்.'