கப்பலுக்கு அழகு பீரங்கியா?



போன வாரம் மதிய இடைவேளையில் எங்கள் வகுப்பில் ஒரு சண்டை. ரோந்துக் கப்பலில் எது முக்கியம்? "பீரங்கிதான்டா! அது இல்லாட்டி அது என்ன கப்பல்?" என்றான் என் பெஞ்சு நண்பன். நான் இல்லை என்றேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நம்ம காக்களூரில் ஏரி இருக்கு, தொழிற்பேட்டை இருக்கு, கடல் இல்லை. ஆனால் நம் திருவள்ளூர் மாவட்டத்துக்குக் கடலும் உண்டு, கப்பல் கட்டும் தளமும் உண்டு! எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவே, காட்டுப்பள்ளியில் இருக்கிறது எல் அண்ட் டி நிறுவனத்தின் தளம். இந்தியக் கடலோரக் காவல்படைக்கு அந்த நிறுவனம் 7 ரோந்துக் கப்பல்களைக் கட்டிக் கொடுத்தது. முதல் கப்பல் விக்ரம் 2018-லும், ஏழாவது கப்பல் விக்ரஹா 2021-லும் படையில் சேர்ந்தன.

ஒவ்வொன்றும் சுமார் 98 மீட்டர் நீளம். நம்ம 100 மீட்டர் ஓட்டப்பந்தயத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவு நீளம்! எடை 2,000 டன்னுக்கு மேல். ஆனாலும் மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். முன்பக்கம் 30 மில்லிமீட்டர் பீரங்கி. நண்பன் பார்த்தது இதை மட்டும்தான்! பின்பக்கம் ஹெலிகாப்டர் இறங்கும் தளம், பக்கவாட்டில் 4 வேகப் படகுகள், தீயணைக்கும் கருவிகள், கடலில் கொட்டிய எண்ணெயை அகற்றும் கருவிகள் எல்லாம் இருக்கு.

எங்கப்பா சிட்கோவுல லேத் ஓட்டுறாரு. "மெஷின் பளபளப்பா இருக்கான்னு பாக்காத, எந்த வேலைக்கு செஞ்சாங்கன்னு பாரு"ன்னு சொல்லுவாரு. அப்படிப் பார்த்தால் இந்தக் கப்பலில் பாதிக்கு மேல் காப்பாற்றும் வேலைக்குத்தானே?

ஆறாவது கப்பல் வஜ்ரா. 2021 மார்ச்சில் படையில் சேர்ந்தது. இரண்டே மாதத்தில், மே மாதம், கொழும்பு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்தது. இலங்கை உதவி கேட்டது. வைபவ் என்ற கப்பலும் நம்ம வஜ்ராவும் போய்த் தண்ணீர் பீய்ச்சி அடித்தன. அந்தச் சரக்குக் கப்பலைக் காப்பாற்ற முடியவில்லை, ஜூன் மாதம் மூழ்கியது. ஆனால் அதிலிருந்த 25 பேரும் உயிர் தப்பினார்கள். அங்கே பீரங்கிக்கு என்ன வேலை?

கடத்தல்காரனை நிறுத்தப் பீரங்கி வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் என் கவலை வேறு.

என் மாமா பழவேற்காட்டில் ஃபைபர் போட்டில் மீன் பிடிக்கிறார். ஒரு நாள் நடுக்கடலில் இன்ஜின் நின்றுவிட்டது. செல்போனில் சிக்னல் இல்லை. ராத்திரி முழுக்க போட் அலையோடு போனது. அம்மா அன்னிக்குத் தூங்கவே இல்லை. விடிந்த பிறகு பக்கத்து ஊர்க்காரர்கள் பார்த்துக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். எவ்வளவு பெரிய கப்பல் இருந்தாலும், மாமா எங்கே இருக்காருன்னு தெரியாமல் எப்படி வரும்? 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் வந்தபோதும், ஆழ்கடலில் இருந்த பல மீனவர்களுக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை. எத்தனையோ பேர் திரும்பவில்லை.

ஆபத்தில் பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகச் சென்னையில் உள்ள கடலோரக் காவல்படை மீட்பு மையத்துக்கு இடத்தைச் சொல்லும் கருவியை இஸ்ரோ செய்திருக்கிறது. புதிய கருவியில் "தகவல் கிடைத்தது" என்று பதிலும் வரும். என் கருத்து இதுதான்: கப்பல் கட்டுவது பாதி வேலை. கடலுக்குப் போகும் ஒவ்வொரு போட்டிலும் இந்தக் கருவியும் லைஃப் ஜாக்கெட்டும் இருப்பதுதான் மீதிப் பாதி. "வேர்க்குது, வலை இழுக்க இடைஞ்சலா இருக்கு"ன்னு மாமா ஜாக்கெட் போடுறதில்லை. பொங்கலுக்குப் போகும்போது சண்டை போடப் போகிறேன்!

உங்கள் வீட்டிலும் கடலுக்குப் போகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554.

நண்பா, இப்போ சொல்லு. கப்பலுக்கு அழகு பீரங்கியா, கரைக்குத் திரும்பி வரும் மனிதனா?



– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு